தமிழுக்கு டைப்ரைட்டர் தந்த முத்தையா

திண்டுக்கல் மாவட்டத்தில், கரூர் எல்லைப் பக்கம் இருக்கும் ஊர் குஜிலியம்பாறை. அங்கே பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்களின் கைகளைக் கொஞ்ச நேரம் பாருங்கள்.

கல்லூரிக்குப் போகும் பெண் இரண்டு கட்டை விரல்களாலும் செல்போனில் மளமளவென்று தமிழ் எழுதுகிறாள். பக்கத்தில் நிற்கும் பெரியவர் ஆள்காட்டி விரலை நீட்டி, எழுத்தைத் தேடித் தேடித் தொடுகிறார். ள மேல் வைத்த விரல் ற மேல் பட்டுவிடுகிறது. அழித்துவிட்டு மறுபடியும் தொடுகிறார். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் பஸ் வந்துவிடுகிறது.

பழைய பட்டன் போனே நன்றாக இருந்தது என்பது பெரியவரின் கட்சி. அதில் விரலுக்குப் பட்டன் தட்டுப்பட்டது. பெரிய கண்ணாடி போன் வாங்கினால் எழுத்து பெரிதாகத் தெரியும் என்பது பேத்தியின் கட்சி. ஆனால் பெரிய போனை ஒரு கையால் பிடித்து எழுத முடிவதில்லை. சின்ன போன் சட்டைப் பையில் அடங்கும். அதில் எழுத்துகள் எள்ளைப் போல் இருக்கின்றன.

இந்த வழக்கு இன்று பல வீடுகளில் நடக்கிறது. ஆனால் வழக்கு புதிது அல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன்பே, கடல் கடந்து போன தமிழர் ஒருவர் இதே சிக்கலோடு போராடினார். அவர் முன்னால் இருந்தது போன் அல்ல, டைப்ரைட்டர்.

இத்தனை தமிழ் எழுத்துகளை எப்படிச் சில விசைகளுக்குள் அடக்குவது? எந்த எழுத்து எந்த விரலுக்கு? யந்திரம் பெரிதாக இருக்கட்டுமா, சிறிதாக இருக்கட்டுமா? இந்தக் கேள்விகளுக்கு விடை கண்டவர் ஆர். முத்தையா. தமிழ் டைப்ரைட்டரின் தந்தை என்று போற்றப்படுபவர் அவர்தான்.

சுண்டிக்குளிச் சிறுவன்

இலங்கையில், யாழ்ப்பாண நகரை ஒட்டியது சுண்டிக்குளி. அங்கே 1886ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 24ந் தேதி முத்தையா பிறந்தார். தகப்பனார் பெயர் ராமலிங்கம். இளம் வயதிலேயே முத்தையா தகப்பனாரைப் பறிகொடுத்தார்.

அந்தக் காலத்து யாழ்ப்பாண வாலிபர்களுக்குப் பிழைக்க ஒரு வழி இருந்தது. மலேயாவில் வெள்ளைக்காரர் ஆட்சி நடந்தது. அங்கே ரயில் பாதைகள் நீண்டன; ரப்பர் தோட்டங்கள் பெருகின. கணக்கு எழுதவும் கடிதம் எழுதவும் இங்கிலீஷ் தெரிந்த ஆட்கள் வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்தில் இங்கிலீஷ் படித்த பலர் கப்பல் ஏறினார்கள்.

1907ஆம் ஆண்டில் முத்தையாவும் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 21. ரயில்வே இலாகாவில் உத்தியோகம் கிடைத்தது. பிறகு சிங்கப்பூரில் தனியார் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். 1930 வரை அங்கே வேலை பார்த்துத் தலைமைக் குமாஸ்தாவாக உயர்ந்தார்.

ஆபீஸில் கண்ட குறை

ஆபீஸ் என்றால் டைப்ரைட்டர். அமெரிக்காவில் கிறிஸ்டோபர் ஷோல்ஸ் என்பவர் 1868இல் காப்புரிமை பெற்ற யந்திரம் அது. 1870களில் ரெமிங்டன் கம்பெனி அதை விற்பனைக்குக் கொண்டு வந்தது. பிறகு சில ஆண்டுகளில் உலகமெங்கும் ஆபீஸ்களில் அதன் சத்தம் கேட்கத் தொடங்கியது.

கையால் எழுதிய கடிதத்தைப் படிக்கக் கண்ணைச் சுருக்க வேண்டும். டைப் அடித்த கடிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. கார்பன் தாள் வைத்தால் ஒரே தட்டில் இரண்டு மூன்று பிரதிகள் கிடைக்கும். வியாபாரத்துக்கும் சர்க்காருக்கும் அது பெரிய வரப்பிரசாதம்.

ஆனால் அந்த வசதி இங்கிலீஷுக்குத்தான். மலேயாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ் வியாபாரிகள் ஏராளம். அவர்கள் தமிழில் கடிதம் எழுதினால் கையால்தான் எழுத வேண்டும். டைப் அடித்த கடிதம் வேண்டும் என்றால் இங்கிலீஷுக்குப் போக வேண்டும். யந்திரம் ஏறாத மொழிக்கு ஆபீஸில் நாற்காலி கிடைக்காது என்ற நிலை. தினமும் டைப்ரைட்டரோடு பழகிய முத்தையா இந்தக் குறையைத் தீர்க்க முற்பட்டார்.

247 எழுத்து, 46 விசை

இங்கிலீஷில் எழுத்து 26. பெரிய எழுத்து, சின்ன எழுத்து இரண்டையும் சேர்த்தாலும் 52 தான்.

தமிழின் கதை வேறு. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. ஆக மொத்தம் 247. ஜ, ஷ, ஸ, ஹ போன்ற எழுத்துகளும் உண்டு. எண்களும் நிறுத்தக் குறிகளும் வேண்டும்.

டைப்ரைட்டரிலோ விசைகள் 46 தான். ஒரு விசையில் மேலும் கீழுமாக இரண்டு எழுத்துகள் வைக்கலாம். அப்படி வைத்தாலும் 92க்கு மேல் இடம் இல்லை.

விசைகளைக் கூட்டினால் என்ன? யந்திரம் ஆர்மோனியப் பெட்டியைப் போல் அகன்றுவிடும். மனிதனுக்கு விரல்கள் பத்துதான். விசை கூடக் கூட விரல் நெடுந்தூரம் ஓட வேண்டும், கை நோகும். எழுத்துகளைக் குறைத்தால் என்ன? அடிப்பது தமிழாக இராது. இந்த இரண்டுக்கும் நடுவே வழி தேட வேண்டும்.

முத்தையா எழுத்துகளைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தார். கெ, செ, தெ, மெ எல்லாவற்றிலும் முன்னால் நிற்பது ஒரே கொம்பு. கா, சா, தா, மா எல்லாவற்றிலும் பின்னால் நிற்பது ஒரே கால். அந்தக் கொம்புக்கு ஓர் இடம், காலுக்கு ஓர் இடம் கொடுத்தால் போதும். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு, கால் ஆகிய நான்கு குறிகளைக் கொண்டே ஏறத்தாழ 100 எழுத்துகளை அடித்துவிடலாம்.

சில எழுத்துகள் இந்தக் கணக்குக்குள் வரவில்லை. ணா, றா, னா, ணை, லை போன்றவை அக்காலத்தில் வேறு உருவத்தில் எழுதப்பட்டன. தமிழக அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற பிறகுதான் அவை மற்ற எழுத்துகளோடு ஒரே வரிசையில் சேர்ந்தன.

நகராத விசை

கொம்பும் காலும் எழுத்துக்குப் பக்கத்தில் நிற்பவை. புள்ளி அப்படி அல்ல. எழுத்தின் தலைமேல் உட்கார வேண்டும். கி, கீ என்பவற்றின் வளைவும் எழுத்தின் மேலேயே ஒட்டிக் கொள்கிறது. இங்கேதான் யந்திரம் முரண்டு பிடித்தது.

டைப்ரைட்டர் வேலை செய்யும் விதம் இது. விசையைத் தட்டினால் எழுத்துக் கம்பி எழுந்து மை நாடாவில் அடிக்கும். காகிதத்தில் எழுத்து பதியும். உடனே காகிதம் சுற்றிய உருளை ஓர் எழுத்து அளவு நகர்ந்து, அடுத்த எழுத்துக்கு இடம் விடும். ஆகையால் புள்ளியை அடித்தால் அது ஓர் இடத்திலும், க என்ற எழுத்து அடுத்த இடத்திலும் விழும். இரண்டும் ஒன்று சேராது.

இதற்கு முத்தையா கையாண்ட உபாயமே நகரா விசை. அந்த விசையைத் தட்டினால் குறி பதியும். உருளை மட்டும் நகராது. முதலில் புள்ளியைத் தட்ட வேண்டும். பிறகு க விசையைத் தட்ட வேண்டும். புள்ளிக்குக் கீழே க வந்து உட்காரும். காகிதத்தில் க் என்று தெரியும். அதற்குப் பிறகுதான் உருளை நகரும்.

கையால் எழுதும்போது எழுத்து முதலில், புள்ளி பிறகு. டைப்ரைட்டரில் புள்ளி முதலில், எழுத்து பிறகு. டைப் பழக வரும் மாணவர்கள் முதல் நாள் இதில்தான் தடுமாறுவார்கள். சில நாளில் விரல் பழகிவிடும்.

விரலுக்கு ஏற்ற இடம்

எழுத்துகளை அடக்கினால் மட்டும் போதாது. அடிக்கிற விரல் களைத்துப் போகாமல் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் பின்னால் பரவிய தமிழ் டைப்ரைட்டரைப் பாருங்கள். இரு கைகளும் ஓய்வாகத் தங்கும் நடு வரிசையில் இடது கைக்கு ய, ள, ன, க. வலது கைக்கு த, ம, ட, புள்ளி. தமிழில் அடிக்கடி வரும் எழுத்துகள் பல விரலுக்கு அடியிலேயே கிடக்கின்றன. புள்ளி இல்லாமல் ஒரு வரி தமிழ் எழுதுவது கடினம். அந்தப் புள்ளிக்கு நடு வரிசையிலேயே இடம்.

கு, மு, டு போன்ற எழுத்துகளில் உகரம் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் உருவம் எடுக்கிறது. பொதுக்குறி வைக்க வழி இல்லை. அதற்கும் எளிய ஏற்பாடு உண்டு. க இருக்கும் விசையையே மேல் எழுத்துக்கான ஷிப்ட் விசையோடு சேர்த்து அடித்தால் கு விழும். ம இருக்கும் விசையில் மு விழும். புதிதாக ஓர் இடத்தை மனப்பாடம் செய்ய வேண்டியது இல்லை.

விசைகள் எங்கே இருக்கின்றன என்று விரல் அறிந்துவிட்டால் கண்ணுக்கு அங்கே வேலை இல்லை. கண் மூலப் பிரதியில் இருக்கும். விரல் தானே ஓடும்.

குறுக்கே வந்த யுத்தம்

காகிதத்தில் போட்ட திட்டத்தை இரும்பில் வார்க்க ஒரு தொழிற்சாலை வேண்டும். 1914இல் முதல் உலக யுத்தம் மூண்டது. ஐரோப்பாத் தொழிற்சாலைகள் துப்பாக்கிக்கும் குண்டுக்கும் திரும்பின. ஜெர்மனியோடு வியாபாரம் செய்ய வழி அடைபட்டது. யுத்தம் 1918 நவம்பரில் ஓய்ந்தது.

அதன் பிறகு முத்தையா ஜெர்மனியில் இருந்த சைடல் அண்ட் நௌமான் கம்பெனியிடம் தம் திட்டத்தைக் கொடுத்தார். டிரெஸ்டன் நகரத்தில் இருந்த அந்தக் கம்பெனி தையல் யந்திரமும் சைக்கிளும் செய்து பேர் வாங்கியது. டைப்ரைட்டரிலும் கை தேர்ந்தது. தமிழ் தெரியாத ஜெர்மன் தொழிலாளிகளின் கையால் தமிழ் எழுத்துகள் உருக்கில் உருவாயின. சுண்டிக்குளியில் பிறந்து சிங்கப்பூரில் குமாஸ்தா வேலை பார்த்தவரின் தமிழ் டைப்ரைட்டர் விற்பனைக்கு வந்தது.

பெரிய யந்திரமா, சின்ன யந்திரமா?

முதலில் வந்தது ஸ்டாண்டர்ட் என்ற பெரிய யந்திரம். மேஜை மேல் வைத்தால் அசையாது. ஆபீஸுக்கு அது பொருத்தம்.

ஆனால் எல்லாரும் ஆபீஸில் உட்கார்ந்தே எழுதுகிறார்களா? வியாபாரி ஊர் ஊராகப் போகிறார். பத்திரிகைக்காரர் செய்தி தேடி அலைகிறார். அவர்களுக்குக் கையில் தூக்கிப் போகும் பெட்டி வேண்டும். ஆகவே பிஜோ, எரிகா என்ற பெயர்களில் தமிழ் டைப்ரைட்டர்கள் அடுத்து வந்தன. எரிகா என்பது அந்த ஜெர்மன் கம்பெனி செய்த கைப்பெட்டி டைப்ரைட்டரின் பெயர். கம்பெனி முதலாளியின் பேத்தி பெயரைச் சூட்டியதாகச் சொல்வார்கள்.

சின்ன யந்திரத்துக்கு ஒரு விலை உண்டு. தூக்குவதற்குச் சுகம், அடிப்பதற்குப் பெரிய யந்திரத்தின் சுகம் வராது. கைப்பெட்டி டைப்ரைட்டர்களில் ஆரம்ப காலத்தில் நான்கு வரிசைக்குப் பதிலாக மூன்று வரிசைதான் வைத்தார்கள். ஒரே விசையில் மூன்று எழுத்துகளை ஏற்றினார்கள். பெட்டி சுருங்கியது, விரலுக்கு வேலை கூடியது.

இன்று போன் வாங்கப் போகிறவர்கள் கடையில் நின்று யோசிப்பதும் இதைத்தான். முத்தையா இரண்டில் ஒன்றைக் கைவிடவில்லை. மேஜைக்குப் பெரியது, பயணத்துக்குச் சிறியது என்று இரண்டு வகையும் தமிழுக்குக் கிடைக்கச் செய்தார்.

மீண்டும் ஒரு யுத்தம்

இரண்டாம் உலக யுத்தம் அவர் உழைப்பை மறுபடி குலைத்தது. 1942இல் ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்தனர். 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன் நகரம் விமானக் குண்டுகளால் நாசமாயிற்று. யுத்தம் முடிந்ததும் அந்தப் பகுதி ருஷியர் வசம் போயிற்று. பழைய தொழிற்சாலையோடு இருந்த தொடர்பு அறுந்தது.

அப்போது முத்தையாவுக்கு வயது 60ஐ நெருங்கியது. அந்த வயதிலும் அவர் ஓயவில்லை. மேற்கு ஜெர்மனியில் ஒலிம்பியா என்ற டைப்ரைட்டர் கம்பெனியை நாடினார். பழைய யந்திரத்தில் கண்ட குறைகளைத் திருத்தி, புதிய தமிழ் டைப்ரைட்டர்களைக் கொண்டு வந்தார்.

இதற்குள் தமிழ்நாட்டிலும் காலம் மாறியது. தமிழை ஆட்சிமொழி ஆக்கும் சட்டம் 1956இல் சென்னைச் சட்டசபையில் நிறைவேறியது. தாலுகா ஆபீஸ் முதல் கோட்டை வரை தமிழில் கடிதப் போக்குவரத்து நடக்க வேண்டும் என்ற நிலை வந்தது. தமிழ் டைப்ரைட்டர் இல்லை என்றால் அந்தச் சட்டத்தை ஆபீஸ்களில் நடைமுறைக்குக் கொண்டு வருவது வெகு சிரமமாக இருந்திருக்கும். ஊருக்கு ஊர் டைப்பிங் இன்ஸ்டிடியூட்டுகள் முளைத்தன. லோயர், ஹையர் பரீட்சை எழுதி உத்தியோகம் பெற்ற பெண்கள் எத்தனையோ பேர். அவர்கள் சம்பளத்தில் தலைநிமிர்ந்த குடும்பங்களும் எத்தனையோ.

கண்ணாடிப் பலகை

முத்தையா மறைந்து பல காலம் ஆகிவிட்டது. டைப்ரைட்டர் இருந்த மேஜையில் கம்ப்யூட்டர் வந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி, தமிழ்99 என்ற விசைப்பலகை வகுக்கப்பட்டது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. இந்த 31 எழுத்துகள் போதும். க தட்டி இ தட்டினால் கம்ப்யூட்டரே கி என்று சேர்த்துவிடும். இரும்பில் செய்ய முடியாததைக் கணக்கு செய்தது. டைப்ரைட்டர் பழகியவர்கள் கைப்பழக்கத்தை இழக்கக் கூடாது என்பதால், பழைய டைப்ரைட்டர் வரிசையும் கம்ப்யூட்டரில் இடம் பெற்றது.

பிறகு போன் வந்தது. பட்டன் போனில் எழுத்துக்கு உரிய பட்டன்கள் சுமார் பத்து. ஒரே பட்டனை இரண்டு தரம், மூன்று தரம் அமுக்க வேண்டும். மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம், 2005இல் போனில் தமிழ்ச் செய்தி அனுப்ப வழி செய்தது.

2007இல் ஐபோன் வந்தது. அதன் முகம் முழுவதும் கண்ணாடி; அளவு மூலைக்கு மூலை மூன்றரை அங்குலம். இன்று ஆறு அங்குலத்துக்கு மேற்பட்ட போன்கள் சாதாரணம். அப்படியும் தமிழ் எழுதுவோர் சிரமம் தீரவில்லை. காரணம் எளிய கணக்கு. போனின் அகலம் ஏறத்தாழ 7 சென்டிமீட்டர். இங்கிலீஷ் மேல் வரிசையில் 10 எழுத்துகள். ஒன்றுக்கு 7 மில்லிமீட்டர் கிடைக்கும். தமிழ்99 மேல் வரிசையில் 12 எழுத்துகள்; அதை அப்படியே போனில் வைத்தால் ஒன்றுக்கு 6 மில்லிமீட்டர்கூடத் தேறாது. கட்டை விரலோ அதைவிட அகலம்.

இரும்பு விசை விரலை எதிர்த்துத் தள்ளும். பட்டன் அமுங்கியதை விரல் உணரும். கண்ணாடிக்கு மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. எழுத்து எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியாது. ஆகையால் கண் கண்ணாடியை விட்டு அகல முடிவதில்லை. போனைப் படுக்கை வாட்டில் திருப்பிப் பிடித்தால் எழுத்துகள் அகலமாகும். இரண்டு கட்டை விரல்களுக்கும் வேலை பாதியாகும். நீளமாக எழுதுகிறவர்கள் தனி விசைப்பலகை ஒன்றைப் போனோடு இணைத்துக் கொள்ளலாம்.

இந்தச் சிரமத்துக்கு அஞ்சித்தான் பலர் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதுகிறார்கள். இங்கிலீஷ் படிக்காத அம்மாவுக்கு, பட்டணத்தில் இருக்கும் மகன் அப்படிச் செய்தி அனுப்பினால் அவள் என்ன செய்வாள்? பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டச் சொல்ல வேண்டும். எழுத்துக் கூட்டித் தமிழ் படிக்கக் கற்ற அந்தத் தாய்க்கு, தமிழ் எழுத்திலேயே செய்தி வந்தால் அல்லவா அவள் கற்றது பயன்படும்?

நூறு ஆண்டுகளுக்கு முன்னால் சிங்கப்பூர் ஆபீஸில் முத்தையா கண்ட குறையும் இதுவே. யந்திரத்தில் எளிதாக ஏறாத எழுத்தை ஜனங்கள் கைவிட்டுவிடுவார்கள். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. நடுவில் இரண்டு உலக யுத்தங்கள் வந்தும், தமிழ் எழுத்து முழுவதையும் பத்து விரல்களுக்குள் கொண்டு வந்து சேர்த்தார்.

குஜிலியம்பாறைப் பெரியவர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இடம் பிடித்த பெண் அவர் போனை வாங்கிப் படுக்கை வாட்டில் திருப்பிக் கொடுக்கிறாள். எழுத்துகள் கொஞ்சம் பெரிதாகத் தெரிகின்றன. பெரியவர் ள மேல் விரலை வைக்கிறார். இந்தத் தரம் ள விழுகிறது.